கரகரப்பில் ஒரு கானம்

"பெடல்" என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பதினைந்து வேலம்பாளையத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தையல் மெஷின்தான். காலால் அழுத்தினால் ஊசி ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எங்களில் பலருடைய தாய்மார்களின் வாழ்க்கையே ஒரு பெடலின் மேல்தான் நடக்கிறது. ஆனால் இந்த ஆண்டு எங்கள் பள்ளி விஞ்ஞானக் கழகத்தார் செய்து பார்த்தது வேறொரு பெடல். அதை அழுத்தினால் துணி தைக்கப்படாது. எலெக்ட்ரிக் கிதாரின் இனிய நாதம் சிங்கத்தின் உறுமலாக மாறும். ஆங்கிலத்தில் இதனை டிஸ்டார்ஷன் பெடல் என்பர். நாங்கள் இதற்குக் "கரகரப்புப் பெட்டி" என்று பெயர் சூட்டினோம்.

இம்முயற்சிக்குக் காரணமாயிருந்தது எங்கள் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் தோழி ஒருத்தி. அவளுடைய அண்ணன் வெளியூர் வேலைக்குப் போகும்போது தன் பழைய எலெக்ட்ரிக் கிதாரை அவளிடம் விட்டுச் சென்றார். ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக்கு உறுமும் கிதார் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கடையில் பெடலின் விலையைக் கேட்டவள் வாய் பேசாமல் திரும்பி வந்தாள். "நாமே செய்தால் என்ன?" என்ற கேள்வி அன்றுதான் பிறந்தது.

ஆனால் தொடங்குமுன்னரே இரண்டு கேள்விகள் எங்களை மறித்தன. முதற் கேள்வியைக் கேட்டவர் எங்கள் பௌதிக ஆசிரியையான அருட்சகோதரி. "பிள்ளைகளே, நல்ல நாதத்தைக் கெடுப்பதற்கா இத்தனை உழைப்பு?" என்று புன்முறுவலோடு கேட்டார். இரண்டாம் கேள்வியைக் கேட்டவர் அத்தோழியின் தாயார். "நாள் முச்சூடும் மெஷின் சத்தத்துலயே கெடக்கறோம். ஊட்டுக்கு வந்தாலும் இரைச்சலா, கண்ணு?" என்றார். முதற் கேள்வி அறிவைத் தொட்டது. இரண்டாவது நெஞ்சைத் தொட்டது. இவ்விரண்டுக்கும் நாங்கள் கண்ட விடைகளே இக்கட்டுரை.

தம்பூராவின் நூல்

நாதத்தைச் சற்றே "கெடுத்து" அதன் அழகைக் கூட்டுவது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. நம் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் அமைதியாக ஒலிக்கும் தம்பூராவைப் பாருங்கள். அதன் குதிரையின் மேல், ஒவ்வொரு தந்திக்கும் அடியில், ஒரு சிறு பருத்தி நூல் செருகப்பட்டிருக்கும். ஜீவாளி என்று அதற்குப் பெயர். அந்த நூலை மயிரிழை நகர்த்தினாலும் தந்தியின் குரல் மாறிவிடும். சரியான இடத்தில் அது அமைந்தால் வெறும் "டங்" என்ற ஒலி மறைந்து, தேனீக்கள் ரீங்கரிப்பது போன்ற நாதம் எழும். தந்தி அசையும்போது வளைந்த குதிரையைத் தொட்டும் தொடாமலும் உரசிச் செல்வதால், அடிப்படைச் சுரத்துடன் அதன் மேற்சுரங்களும் ஓங்கி ஒலிக்கின்றன.

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், ஒளியை ஆராய்ந்ததோடு நம் வாத்தியங்களையும் ஆராய்ந்தவர். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவின்றி நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழ மாட்டா என்பது பழைய விதி. தம்பூராவும் வீணையும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை, எழக் கூடாத மேற்சுரமும் அவற்றில் ஓங்கி எழுகிறது என்று அவர் 1920-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். காரணம், அந்த வளைந்த குதிரையே. ஆகவே இல்லாத மேற்சுரங்களை வேண்டுமென்றே உண்டாக்குவது நம் முன்னோர் அறிந்த கலை. அவர்கள் பருத்தி நூலால் செய்ததை நாங்கள் மின்சாரத்தால் செய்ய முனைந்தோம். பருத்தி ஊரில் பிறந்த எங்களுக்கு இந்த உறவு மிகவும் பிடித்திருந்தது.

பழுதில் பிறந்த பெடல்

எலெக்ட்ரிக் கிதாரின் கரகரப்போ ஒரு பழுதில் பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்பவரின் பாட்டு ஒன்று பதிவாகிக்கொண்டிருந்தபோது, ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதடைந்து, கிரேடி மார்ட்டின் வாசித்த கிதார் கரகரத்தது. அதை அப்படியே விட்டுவிட்டனர். 1961-இல் அப்பாட்டு வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதையே வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைக்க உதவினார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் இரண்டு சிறு பாட்டரிகளுமே அதன் உள்ளுறுப்புகள். முதலில் அதை வாங்குவார் அதிகமில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் அதனைப் பயன்படுத்தியதும் கடைகளில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பின்னர் ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1978-இல் டி.எஸ்-1 என்ற பெடலையும், 1983-இல் எச்.எம்-2, 1991-இல் எம்.டி-2 என்னும் மிகுபெருக்கப் பெடல்களையும் வெளியிட்டது.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியையும் நாம் நினைவுகூர வேண்டும். 1915-இல் பிறந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப், கன்னியர் மடத்துச் சகோதரியல்லர்; தேவாலயத்தில் பாடி வளர்ந்த அமெரிக்கப் பாடகி. பெண்கள் எலெக்ட்ரிக் கிதாரைத் தொடுவதே அரிதாயிருந்த காலத்தில், அதை அதிரவைத்து இறைப்பாடல்களைப் பாடியவர். 1973-இல் அவர் மறைந்தார். ராக் இசையின் தாய் என்று அவரைப் போற்றுவோர் பலர். "பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இந்தக் கருவி?" என்று கேட்போருக்கு அவருடைய வாழ்க்கையே தக்க பதிலாகும்.

அலையின் தலையை வெட்டுதல்

இனி, பெட்டி வேலை செய்யும் விதத்தைக் காண்போம். எலெக்ட்ரிக் கிதாரின் தந்திகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதற்கு பிக்கப் என்று பெயர். இரும்புத் தந்தி அசையும்போது, 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதிப்படி, அக்கம்பியில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிவோல்ட் அளவினது. தந்தி மேலும் கீழும் ஆடுவதுபோல் அதுவும் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது.

இந்த அலையைப் பெருக்கி, அதன் உச்சியையும் அடியையும் சமமாக வெட்டிவிட வேண்டும். கட்டிங் மாஸ்டர் துணியடுக்கின் பிசிறை வெட்டுவதுபோல், அலையின் தலையை வெட்டும் கத்தி ஒன்று வேண்டும். சிலிக்கன் டயோடு என்னும் சிறு உறுப்பே அக்கத்தி. ஏறத்தாழ 0.6 வோல்ட் வரை அது மூடிய கதவு. அதற்கு மேல் திறந்த கதவு. இரண்டு டயோடுகளை எதிரெதிர்த் திசையில் இணைத்துவிட்டால், அலை 0.6 வோல்ட்டுக்கு மேலும் ஏறாது, கீழும் இறங்காது. வட்டமான அலை சதுரமாகிவிடும்.

சதுரமானால் என்ன ஆகும்? ஒரு சுரத்தின் அலை சதுரமாகும்போது அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவையே நம் காதுக்குக் கரகரப்பாகக் கேட்கின்றன. மேலே இரண்டு டயோடும் கீழே ஒன்றும் வைத்தால் வெட்டு சமமின்றி அமைந்து, இரண்டு, நான்கு போன்ற இரட்டை மடங்குகளும் சேர்கின்றன. ஜெர்மானியம் டயோடு 0.3 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்கும், சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 1.7 வோல்ட் வரை பொறுத்திருக்கும். உறுப்பை மாற்றினால் குரல் மாறும்.

ஒரே தாவலில் மலையேற முடியாது

மிகுபெருக்கம் என்பது அலையை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்குவதாகும். ஏன் இத்தனை? மீட்டிய தந்தியின் ஒலி விரைவில் தேய்கிறது. 100 மில்லிவோல்ட் என்று தொடங்கியது சில விநாடிகளில் ஒரு மில்லிவோல்ட்டாகிவிடும். அதையும் ஆயிரம் மடங்கு பெருக்கினால் ஒரு வோல்ட். டயோடின் வாசற்படியான 0.6-ஐ அது இன்னும் தாண்டுகிறது. ஆகவே தந்தி தளர்ந்த பிறகும் நாதம் குன்றாமல், வயலினைப்போல் நீண்டு நிற்கிறது.

நாங்கள் எடுத்துக்கொண்டது டி.எல்.072 என்ற சிறு பெருக்கிச் சில்லு. அதனுள் இரண்டு பெருக்கிகள் உள்ளன. பெருக்கத்தை நிர்ணயிப்பவை இரண்டு மின்தடைகள். பெரியதைச் சிறியதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் பெருக்கம் வந்துவிடும். முதலில் நாங்கள் ஒரே பெருக்கியில் ஆயிரம் மடங்கையும் பெற முயன்றோம். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிப் போயிற்று. காரணத்தைத் தேடிக் கணக்கிட்டோம். இந்தச் சில்லின் பெருக்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் ஏறத்தாழ 30 லட்சம் ஹெர்ட்ஸ். அதற்கு மேல் அதனால் ஆகாது. ஆயிரம் மடங்கு பெருக்கச் சொன்னால் 3,000 ஹெர்ட்ஸ் வரைதான் முழு வலுவுடன் வேலை செய்யும்.

ஆகவே பளுவை இருவருக்குப் பகிர்ந்தோம். ஒவ்வொரு பெருக்கிக்கும் 100 கிலோ ஓமும் 3.3 கிலோ ஓமும் கொடுத்தோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 31 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 31 × 31, அதாவது 961 மடங்கு. இப்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் வரை தளராது. முதற் பெருக்கிக்குப் பின் ஒரு ஜோடி டயோடு, இரண்டாவதற்குப் பின் மற்றொரு ஜோடி. இரண்டு முறை வெட்டுவதால் கரகரப்பு அடர்த்தியாகிறது. இரண்டாம் பெருக்கியின் 100 கிலோ ஓமை ஒரு திருகு குமிழாக வைத்தோம். அதைக் குறைத்தால் உறுமல் முனகலாகத் தணியும்.

ஒன்பது வோல்ட் பாட்டரியே எங்கள் மின்சாரம். அலை மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமாகையால், இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் பாட்டரியை நடுவில் பிரித்து, 4.5 வோல்ட்டை அலையின் தரைமட்டமாக்கினோம். வீட்டு மின்சாரத்தை நேரே தொடும் வேலை எதையும் நாங்கள் செய்யவில்லை. தங்கைகள் எவரும் செய்யவும் கூடாது. பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, ஆசிரியை அருகிலிருக்கவே செய்தோம்.

சலித்தெடுத்தல்

வெறுமனே பெருக்கி வெட்டினால் குழம்பிய ஓசையே கிடைக்கும். கிதாரின் தடித்த ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸ் அதிர்வது. இந்தத் தாழ்ந்த அதிர்வுகள் மிகுந்தால் சேறுபோல் எல்லாவற்றையும் மூடிவிடும். எனவே வெட்டுவதற்கு முன்பே அவற்றைக் குறைக்க வேண்டும். முதற் பெருக்கியின் 3.3 கிலோ ஓமுடன் 0.22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை இணைத்தால், ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸுக்குக் கீழ் பெருக்கம் தணிகிறது. இரண்டாவதில் 0.068 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழ் தணிகிறது. வெட்டிய பிறகோ, காதைக் குத்தும் மேற்சுரங்களைக் களைய வேண்டும். 10 கிலோ ஓமும் 3.3 நானோ ஃபாரடும் சேர்ந்து 4,800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை மெல்லத் தணிக்கின்றன. முன்னே பருமனையும் பின்னே கூர்மையையும் சலிப்பதுதான் இப்பெட்டியின் சூட்சுமம். மாவு சலிக்கத் தெரிந்தவருக்கு இது புரியாததன்று.

வாசிப்பவருக்கும் ஒரு விதி உண்டு. இரண்டு சுரங்கள் ஒன்றாக வெட்டப்படும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதுச் சுரங்கள் பிறக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்ற உறவு கொண்டவை. மூன்றில் இரண்டு போக ஒன்று. அதுவும் ஷட்ஜமே, ஒரு ஸ்தாயி கீழே. ஆகவே ஸ-ப சேர்ந்தால் கரகரப்பிலும் கம்பீரம் குன்றாது. அவற்றோடு காந்தாரத்தையும் சேர்த்தால், கிதாரின் கட்டைகளில் அது இயற்கை அளவிலிருந்து சற்றே விலகியிருப்பதால், பிறக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்குகின்றன. ராக் இசைக்காரர்கள் ஸ-ப மட்டும் வாசிப்பதற்கும், நம் தம்பூரா ஸ-ப மீட்டுவதற்கும் இப்படியொரு உறவு இருப்பதை அறிந்து வியந்தோம்.

அம்மாவின் காது

பெட்டிக்கு உலோகக் கூடு வேண்டியிருந்தது. பக்கத்திலுள்ள அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊராயிற்றே! அங்கே பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் பித்தளைத் தகட்டில் கையகலப் பெட்டி ஒன்றை அடித்துத் தந்தார். "இதுல என்னத்தக் காச்சப் போறீங்க, அம்மிணி?" என்று அவர் கேட்டது இன்னும் நினைவில் நிற்கிறது. பித்தளையில் துளையிடுவதும் எளிது, பற்றவைப்பதும் எளிது. அதைச் சுற்றின் தரைக்கம்பியோடு இணைத்ததால், வெளியிலிருந்து வரும் மின்புல இரைச்சலை அது தடுத்தது.

எல்லாம் முடித்து, ஒரு மாலை தோழியின் வீட்டில் பெட்டியை இயக்கினோம். கிதாரைத் தொடுமுன்பே "ஙொய்" என்ற பெரும் இரைச்சல்! எங்கள் முகங்கள் வாடின. பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம்; பழுதில்லை. ஆயிரம் மடங்கு பெருக்கும் பெட்டிக்குப் பாட்டென்றும் இரைச்சலென்றும் வேற்றுமை தெரியாது. கால் மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தாலும் அது கால் வோல்ட்டாக வெளியே வரும். ஆனால் எங்கிருந்து புகுகிறது?

அடுப்படியிலிருந்து தோழியின் தாயார் எட்டிப் பார்த்தார். சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது உங்க பெட்டிச் சத்தமில்ல கண்ணு. பக்கத்து ஊட்டு ஓவர்லாக். இப்ப நிறுத்துவாங்க பாரு, பீஸ் மாத்தறதுக்கு" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் இரைச்சல் பெரிதும் தணிந்தது. மறுபடி மெஷின் ஓடியது. மறுபடி இரைச்சல் எழுந்தது. இருபது ஆண்டுகள் மெஷின்களுக்கிடையே இருந்த காது, எங்கள் மீட்டர் காட்டாததைக் காட்டிவிட்டது. நாங்கள் வாயடைத்து நின்றோம்.

விளக்கம் பின்னர் புரிந்தது. மோட்டாரைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைப் பித்தளை தடுக்காது. கிதாரின் பிக்கப் அப்புலத்தையும் தந்தியின் அசைவாகவே எண்ணி ஏற்றுக்கொள்கிறது. இதற்காகவே எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் 1955-இல் உருவாக்கினார். ஒரு சுருளில் புகும் இரைச்சலை மற்றது கழித்துவிடும். எங்கள் தோழியின் கிதாரில் இருப்பதோ ஒற்றைச் சுருள். ஆகவே எளிய வழியை மேற்கொண்டோம். சுவரிலிருந்து நான்கடி விலகி, கிதாரை மெல்லத் திருப்பி, இரைச்சல் மிகக் குறையும் திசையைக் கண்டு, அங்கே தரையில் சாக்பீஸால் கோடு போட்டோம்.

இரைச்சல் வேறு, இசை வேறு

தாயாரின் கேள்விக்கும் அன்றே விடை கிடைத்தது. கரகரப்பு வேறு, உரத்த சத்தம் வேறு. பழங்காலத்தில் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்தால்தான் கிதார் உறுமும். பெடல் வந்த பிறகோ, அலையை வெட்டும் வேலை பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கடைசிக் குமிழைக் குறைத்துவிட்டால், சிங்கம் பக்கத்து அறைக்கும் கேட்காமல் உறுமும்.

இது அற்ப விஷயமன்று. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்பதும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. இந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் 15 நிமிடங்களே இருக்கலாம். மெஷின் கூடத்துக்கும் இது பொருந்தும். மேடைக்கும், காதில் செருகும் ஒலிப்பானுக்கும் பொருந்தும். ஒருமுறை கெட்ட செவி நரம்பு திரும்ப வளர்வதில்லை. ஆதலின் வேலை செய்யும் நம் பெற்றோர் காதடைப்பான் அணியும்படி நாம் அன்புடன் வற்புறுத்த வேண்டும். நம் பாட்டுக்காக உழைக்கும் காதுகள் அவை.

ஆண்டு விழாவில் எங்கள் பெட்டி மூன்று நிமிடங்கள் ஒலித்தது. அரங்கத்தின் கடைசி வரிசையில் இருந்த சின்னஞ்சிறு தங்கைகள்கூடக் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதையே எங்கள் வெற்றியாகக் கருதுகிறோம். பிறகு சகோதரியிடம், "நாதத்தைக் கெடுத்துவிட்டோமா, சிஸ்டர்?" என்று கேட்டோம். "கெடுத்தீர்கள், ஆனால் அளவறிந்து கெடுத்தீர்கள்" என்றார். தோழியின் தாயாரோ, வீட்டில் அவள் பழகிக்கொண்டிருந்தபோது பாயில் சாய்ந்தவர், இரண்டாம் பாட்டிலேயே உறங்கிப்போனாராம். இதை எங்கள் சங்கீதத்துக்குக் கிடைத்த விமரிசனமாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் இரைச்சலில் உழைத்தவர் எங்கள் கரகரப்பில் கண்ணயர்ந்தாரென்றால், அது இரைச்சலன்று, இசைதான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. ஆயிரம் மடங்கு பெருக்கும் ஆற்றல் கையில் இருந்தாலும், எதைச் சலிப்பது, எங்கே வெட்டுவது, எப்போது குமிழைக் குறைப்பது என்பதை அறிவதே கலை. தங்கைகளே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய வாத்தியமோ பழுதான வானொலியோ இருக்கக்கூடும். அதைத் திறந்து பாருங்கள். திறக்குமுன் பாட்டரியைக் கழற்ற மறவாதீர்கள்; புரியாவிடில் அம்மாவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.